கிழக்கு மூலையில் விட்டுவைத்த திட்டு

சுரக்குடி
மன்மத வருஷம் ஆவணி 17

சௌபாக்கியவதி பெரியநாயகிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம் என்றுதான் எழுதவேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. சைகோனில் மாப்பிள்ளையும் நீயும் குழந்தையும் சுகமாயிருக்க தினமும் வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, தைலம் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. நீ எழுதியது நேற்றுக் கிடைத்தது, குளத்தைப் பற்றி நான் போன தடவை எழுதியதை மாப்பிள்ளை ஆபீஸில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அம்மா. அந்தக் கடிதத்தில் நான் பாதியைத்தான் எழுதினேன்.

சித்திரையில் நீ கேட்டாயே, அல்லிக்குளத்தில் இலைக்கோழி இன்னும் வருகிறதா, விரலை அகட்டி வைத்து இலைமேல் நடக்கும் என்றால் குழந்தை நம்பமாட்டேன் என்கிறாள் என்று, அதற்காகத்தான் குளத்துக்குப் போனேன். கரைக்குக் கரை வெங்காயத் தாமரை, தண்ணீரே தெரியவில்லை, அல்லி எல்லாம் அதற்கடியில் அழுகிக் கிடந்தது. கொக்கு கூட இறங்க இடமில்லாமல் சுற்றிவிட்டுப் போயிற்று. இலைக்கோழி மட்டும் இரண்டோ மூன்றோ அந்தப் பச்சை மேலேயே எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தன. முப்பது வருஷம் பிரெஞ்சு சர்க்காரின் மேரியில், அந்த நகரசபை ஆபீஸில், குமாஸ்தாவாக இருந்தவன் கை சும்மா இருக்குமா, வீட்டுக்கு ஒருவர் என்று பெயர் எழுதி, ஞாயிற்றுக்கிழமைதோறும் சிரமதானம் என்று ஆளைச் சேர்த்துவிட்டேன். ஊரே இறங்கியது, குறை சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் புது சர்க்காரில் சேர்ந்த பிறகு வரும் முதல் ஆகஸ்டு பதினைந்து, அன்றைக்கு அதிகாரி வந்து பார்ப்பதாகச் சொன்னதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்குள் குளம் துடைத்துவைத்த தாம்பாளமாக இருக்கவேண்டும் என்று தேதி வைத்தது நான்தான்.

நம் வயலில் வேலை செய்யும் மருதையன் ஒருவன்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். ஐயா, ஆடியில கோழி முட்ட வைக்கிற நேரமுங்க, மத்ததை எடுத்துப்புடலாம், கெழக்கால கெடக்குறதைப் பொரட்டாசிக்கு மேல எடுத்துக்கலாமுங்க என்றான். வேலைக்குச் சோம்பல்பட்டுக் கோழியைச் சாக்குச் சொல்கிறாயா என்று அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் இறங்கி எல்லோரையும்விட அதிகமாகத்தான் இழுத்துப்போட்டான், கிழக்கு மூலையில் மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்கு விட்டுவைத்தான். ஒவ்வொரு ஞாயிறும் யாராவது அந்தப் பக்கம் போனால் பேச்சுக் கொடுத்து வேறு பக்கம் கூட்டிப்போய்விடுவான்.

பதினாலாம் தேதி சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கரையில் நின்று பார்த்தேன், அந்தத் திட்டு என் கண்ணை உறுத்தியது. அதிகாரி வந்தால் முதலில் அதைத்தானே பார்ப்பார் என்று நினைத்து வேட்டியை மடித்துக்கட்டி நானே இறங்கினேன். இரண்டு கையாலும் வாரி இழுத்துக் கரையில் போட்ட பிறகுதான் பார்த்தேன், உள்ளே நாலு முட்டை. பழுப்பாக, மேலே கறுப்பு மசியால் கிறுக்கியது மாதிரி இருக்கும், நீகூடச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். மூன்று உடைந்துவிட்டன. முழுசாக இருந்த ஒன்றை வைக்கத் தண்ணீரில் ஒரு இலை இல்லை, எல்லாவற்றையும் நான்தான் எடுத்துவிட்டேனே. கோழி அந்தக் குவியல்மேல் ஏறி ஓடுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா, யாராவது பார்க்குமுன் நாலையும் குவியலுக்கு அடியில் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி எனக்கு மாலை போட்டார், பறவைகளுக்காகப் பாடுபட்ட பெரியவர் என்று பேசினார். கழுத்தைக் காட்டி வாங்கிக்கொண்டேன். கூட்டத்தின் கடைசியில் நின்று மருதையனும் கை தட்டினான். உனக்குக் கடிதம் எழுதிப் பெருமையடித்துக்கொண்டது அன்று மத்தியானம்தான். போன வாரம் குளத்துப் பக்கம் போனபோது அவன் கிழக்கு மூலையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்கிருந்தோ கொண்டுவந்த அல்லிக்கிழங்கைச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, வாங்கய்யா, இது இலை விட்டா அடுத்த ஆடிக்குக் கோழி வந்தாலும் வருமுங்க என்றான். திட்டை யார் எடுத்தது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை. நானும் இறங்கி நாலு கிழங்கு ஊன்றினேன், வாய் மட்டும் திறக்கவில்லை. நம்மிடம் வேலை செய்கிறவனிடம் போய்த் தப்பு என்று சொல்வதா என்ற நினைப்பு இந்த வயதிலும் என்னை விடவில்லை, அதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

குழந்தையிடம் இலைக்கோழி நிஜம்தான் என்று சொல். இப்போது நம் குளத்தில் இல்லை, தாத்தாவால்தான் இல்லை என்றும் சொல். மாப்பிள்ளை அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியவர்களுக்கு இதையும் படித்துக் காட்டட்டும், எனக்கு வருத்தமில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே மருதையன் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். உனக்கு முதலில் எழுதிவிட்டால் பாதி வழியில் திரும்ப முடியாதல்லவா.

மழைக்காலம் வருகிறது, குழந்தையை ஈரத்தில் விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே, பதில் எழுதும்போது சுகம் விசாரிக்குமுன் முதல் வரியிலேயே, மருதையனிடம் சொன்னீர்களா அப்பா என்று கேள்.

இப்படிக்கு உன் அப்பா,
சிவசுப்பிரமணியன்