தீப்பெட்டி போலக் கத்தும் பறவை

இன்று காலையில் பீடி பற்ற வைக்கத் தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். பாதிப் பெட்டி குச்சி. அந்தச் சத்தத்துக்கு நீ கோடாரியைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடுவது கண்ணில் பட்டது. செத்தவனுக்கு இத்தனை சுறுசுறுப்பு ஆகாதுடா.

பட்டாளத்துக்கு ரோடு போட நாம் போன அந்த ஆப்பிரிக்கக் கிராமமும் நம் திருச்சுழிக் காடு மாதிரிதான், முள்ளும் வெயிலும். பறவைகள்தான் வேறு. பேர் தெரியாத ஒன்றைப் பார்த்துவிட்டால் உனக்குச் சோறு இறங்காது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு கூட்டமாக ஓடியதைக் காட்டி, "கௌதாரிக்கு எவன்லே சுங்குடி கட்டிவிட்டது?" என்று கேட்டாய். மொட்டைத் தலையும் தொங்கும் கழுத்துப் பையுமாக நின்ற பெரிய நாரையைக் காட்டி, "ஏலே, ஒம் மாமனாரு இங்கயும் வந்துட்டாக" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை நீ.

அப்புறம்தான் அந்தச் சாம்பல் குருவி வந்தது. பார்க்க ஒன்றுமில்லை. கத்தினால் தீப்பெட்டியைக் குலுக்கின மாதிரி இருக்கும். அது ஆளைக் கூப்பிட்டுப் போய்த் தேன்கூட்டைக் காட்டும். மெழுகை அதற்கு வைத்துவிட்டு வரவேண்டும். வைக்காவிட்டால் மறுநாள் பாம்பிடம் கூட்டிப் போய்விடும். அந்த ஊர்க்காரர் ஒருவர் கையாலும் காலாலும் நமக்குச் சொன்னது இது. நீ அப்படியே நம்பினாய். கோடாரியும் கையுமாக அதன் பின்னால் போய்த் தேனும் எடுத்தோம். மெழுகை நான் சுருட்டிக்கொண்டேன்.

"அதுக்கு உள்ளத வச்சிருலே, பாவம்."

"அதுக்கென்ன பட்டாளத்துல ரேஷனா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லை. ஊரில் கௌதாரி மாதிரிச் சீட்டியடித்து உன் கண்ணிக்கு வரவழைத்தவன் நான். பறவையையே ஏமாற்றினவனுக்கு நீ எம்மாத்திரம்? புதருக்குள் உட்கார்ந்து தீப்பெட்டியைக் குலுக்கினேன். "வாரேன், வாரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே நீ வந்தாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். புதர் புதராக இழுத்தடித்து, பொந்து விழுந்த ஒரு மரத்துக்குப் பின்னால் போய்க் குலுக்குவதை நிறுத்தினேன். சத்தம் நின்ற இடத்தில் தேன் இருக்கும் என்பது உன் கணக்கு. கையை உள்ளே விட்டாய்.

உள்ளே பாம்பு இருந்தது.

கூடாரத்துக்குத் தூக்கி வரும்போது என் தோளில் கிடந்தபடி, "மெழுகு வைக்காம வந்தோம்ல, அதான் கோவிச்சுக்கிடுச்சு. நீயும் சாக்கிரதையா இருலே" என்றாய். தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது. நான் வைத்த ஒவ்வோர் எட்டுக்கும் அது சத்தம் போட்டது. நீ தலையைத் தூக்கித் தூக்கி மரங்களில் தேடினாய். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

ஊருக்கு வந்து உன் பெண்டாட்டியிடம் நீ நம்பினதையே சொன்னேன். பறவைதான் கூட்டிப் போனது என்றேன். அமாவாசைக்குத் தெருவே காக்காய்க்குச் சோறு வைக்கிறது, உன் வீட்டில் மட்டும் இல்லை. "எம் புருசனக் கொன்னது பறவ. அந்தச் சாதிக்கு எங்கையால ஒரு பருக்க விழாதுண்ணே" என்கிறாள். "சரிதான் தாயி" என்கிறேன்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கே உனக்குச் சோறு விழும். போன அமாவாசைக்கும் அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.