மெஷ் போட்ட வீடு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இரு. போனில் சொன்னால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அவர் போகாதே என்று சொல்லியும் நீ அந்த வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து உன்னோடு பேச்சே இல்லை. நீ கூப்பிட்டால் போதும், எழுந்து உன் பழைய அறைக்குப் போய்விடுவார். நானும் போனை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன். பின்னறையாச்சே, வைஃபை எட்டாது. உன் முகம் அசையாமல் நிற்கும். "பாத்தியா, சிக்னல் இல்ல" என்பார். வீட்டைக் கட்டிய மேஸ்திரியே அவர்தான், அங்கே எட்டாது என்று தெரியாதா? ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம்.

போன மாதம் நீ என்னிடம், வீடு முழுக்க மெஷ் போடுங்கள், என் அறையையும் விட்டுவிடாதீர்கள் என்றாயே, அப்போது அவர் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் வேலை முடிந்து வந்து பார்த்தால், தச்சர் ஜன்னல் ஜன்னலாகக் கொசுவலை அடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மெஷ் இல்லை, வைஃபைக்கு மெஷ் என்று ஒன்று இருக்கிறது, அங்கங்கே பெட்டி வைத்து எல்லா அறைக்கும் சிக்னலை எட்ட வைப்பது, அவள் அதைத்தான் சொன்னாள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப அவ வரலையா?" என்றார்.

கொசு கடித்தால் உனக்குத் தடித்துப்போகும் அல்லவா? நீ வரப்போகிறாய், அதற்குத்தான் வலை கேட்கிறாய் என்று நினைத்துவிட்டார், பாவம். அன்று சாப்பாட்டில் கை வைத்ததோடு சரி.

இரண்டு நாள் கழித்து அவராகவே என்னை அந்த வைஃபை பெட்டி விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார். இந்த வீட்டுக்கு இரண்டு பெட்டி தாராளம் என்றார் கடைக்காரர். இவர் விடவில்லை. ஒரு அட்டையில் வீட்டின் படத்தைப் போட்டுக் காட்டி, பின்னறைச் சுவர் கனம், அங்கே தனியாக ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று மூன்றாக வாங்கினார். இந்தப் பெட்டி சிக்னலை வாங்கி அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் என்று கடைக்காரர் விளக்கியதும், என்னைக் காட்டி, "எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றார். அவர் கேலி பேசி எத்தனை நாளாகிறது.

இப்போது பின்னறையில் படம் பளிச்சென்று வருகிறது. சொல்ல ஒரு சாக்கும் இல்லை. போனைக் கையிலேயே வைத்திருக்கிறார். மணி அடித்தால் அவசரமாக எடுத்துப் பார்த்து, நீ இல்லை என்றதும் முகம் சுருங்கி வைத்துவிடுகிறார். தானாகக் கூப்பிட மாட்டார். நீயும் லேசுப்பட்டவளா, அதே ரகம்தானே.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடாதே, கண்ணு. அவர் நம்பருக்கு அடி. எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார். வைத்துவிடாதே. லைன் நன்றாகத்தான் இருக்கும்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா