இடது கைக் கத்தரி

என் வாலுக்குட்டிக்கு,

நானும் அப்பாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன்னை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, இன்னும் உன் நலத்தைக் கேட்கத்தான் கை போகிறது. அப்பா வேலைக்குப் போகிறார். வாசலில் கிடக்கும் உன் செருப்பை எடுக்க விடமாட்டேன் என்கிறார், அதில் தடுக்கினால் செருப்பை விட்டுவிட்டு என்னைத் திட்டுகிறார்.

நேற்று சுருட்டை வந்தாள், முடிவெட்டும் கடையில் உனக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்ப்பாளே, அவள்தான். அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பகல் பூராவும் நீ அவளுக்கு, சிரிப்பையெல்லாம் அங்கேயே தீர்த்துவிட்டுக் கொட்டாவியோடு வருகிற நீ எனக்கு. வந்தவள் உன் கத்தரியைக் கேட்டாள். சும்மாதானம்மா கெடக்கும், குடுத்தீங்கன்னா நான் வச்சு வேல செய்வேன் என்றாள். அது எங்க போச்சோ தெரியலையே என்று கூசாமல் சொன்னேன், நான் உட்கார்ந்திருந்த மெத்தைக்கு அடியில்தான் இருந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம், இடது கைக்காரிக்குச் செஞ்ச கத்தரி ஒனக்கு எதுக்கு என்று வேறு கேட்டுவிட்டேன். ஆள் வராத மத்தியானத்துல அவதாம்மா எனக்கு இடது கையால வெட்டச் சொல்லிக் குடுத்தா, எனக்குக் கை சுளுக்குனா நீதாண்டி பாத்துக்கணும்னு சொல்லுவா என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் அந்தக் கத்தரியால் நூல் வெட்டிப் பார்த்தவள்தான், நூல் மடங்கி வழுக்குகிறதே தவிர அறுபட மாட்டேன் என்கிறது. பெற்றவள் கைக்கு வராதது இவள் கைக்கு வந்துவிடுமோ என்று மெத்தையைத் தூக்கிக் கத்தரியை எடுத்து, எங்க, வெட்டு பாப்போம் என்று அவள் முன்னால் போட்டேன். பொய் சொன்னதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. யார் தலைய வெட்டறதும்மா என்றாள். வீட்டில் வேறு தலை ஏது, சமையலறை ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். ஒரு நாள் கடைக்கு வாம்மா, நுனி மட்டும் வெட்டிவிடறேன் என்று நீ கெஞ்சும்போதெல்லாம் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று இழுத்த தலை.

இடது கைதான், சரக் சரக்கென்று வெட்டினாள், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தலையைச் சாய்க்க வேண்டிய போதெல்லாம் வாயால் சொல்லாமல் காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் மெல்லத் தட்டினாள், எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது நீ தட்டுவாயே, அதே மாதிரி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் கத்தரியைத் துடைத்து என் மடியில் வைத்து, நீங்களே வச்சிருங்கம்மா என்றாள். கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை. முடி வளந்தா வந்து வெட்டு, கத்தரி இங்கதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அப்பா வந்து பார்த்துவிட்டு யார் வெட்டினது என்றார், ஒங்க மக கத்தரி என்றேன்.

கத்தரிக்கு எண்ணெய் போட்டுவிட்டேன், கவலைப்படாதே. குளிராமல், பயப்படாமல் தூங்கு கண்ணு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கிறது. காதுக்குப் பின்னால் தட்டினாளே இரண்டு விரலால், அது உன்னிடமிருந்து அவளுக்கு வந்ததா, அவளிடமிருந்து உனக்கு வந்ததாடி?