சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

வெகுதானிய வருஷம், ஆடி 3, திங்கள்

காற்று. காலையிலிருந்து பிளாட்பாரம் முழுக்கப் புழுதி. டிக்கெட் அலமாரியைத் துடைத்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடி மண்.

இன்றும் அது வந்தது. பதினொன்றுக்குச் சாப்பாடு, வயிறு முட்ட. ஒரு மணிக்கு நெற்றியில் குளிர்ந்த வியர்வை. விரல் நடுக்கம். நாலு நாள் பட்டினி கிடந்தவனைப் போலப் பசி. ரிஜிஸ்தரில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. லைன் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன் பெருமாள் கைகாட்டி விளக்குக்கு எண்ணெய் கேட்டு வந்தான். காரணமே இல்லாமல் வைதுவிட்டேன். எண்ணெயை எடுத்துக்கொண்டு போனான்.

கோட்டுப் பையில் கருப்பட்டித் துண்டு. கடித்தேன். கால் மணியில் தெளிவு. மூன்று மணிக்கு மறுபடி அதே நடுக்கம். மறுபடி கருப்பட்டி.

இரண்டு மாதமாக இப்படி.

ஆடி 4, செவ்வாய்

காற்று குறையவில்லை.

இந்த ஸ்டேஷனில் பகலுக்கு மாஸ்டர் நான் ஒருவன். ஏவலுக்குப் பெருமாள் ஒருவன். மதுரைக்கு மேற்கே பொட்டல், நாலாபுறமும் கம்பங்காடு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, சாப்பாட்டு நேரம் தவிர, மேஜையை விட்டு நகர வழியில்லை.

யாரிடம் சொல்வது?
மேலே எழுதினால்: ரயில் கம்பெனி டாக்டர். தலைசுற்றல் என்று காதில் விழுந்தாலே ரயில் விடும் வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸ் வீடும் போகும்.
எழுதாவிட்டால்: (இதை எழுத வேண்டாம்.)

வீட்டில் செல்லம்மாள் சோறு போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். இலையில் இன்னும் இரண்டு கை கூட வைக்கிறாள். உடம்பு என்னவோ கூடின சோற்றுக்குக் கூடின நடுக்கம்தான் காட்டுகிறது. அவளிடம் இதை எப்படிச் சொல்ல?

ஆடி 7, வெள்ளி

மாற்று ஆள் வந்தார். விடுப்புக்குக் காரணம்: 'சொந்த வேலை'.

சிம்மக்கல்லில் ஒரு டாக்டர். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர். நீரிழிவோ என்று பயந்து போனேன். சிறுநீரை நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றது. சர்க்கரை இல்லை. பிறகு என்னென்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்கு, நடுக்கம் எத்தனை மணிக்கு என்று ஒன்றுவிடாமல் கேட்டார். இரத்தமும் எடுத்தார்.

அவர் சொன்னது: எனக்கு நீரிழிவுக்கு நேர் எதிர்ச் சங்கதி. சோறு உள்ளே போனதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடம்பு பதறிப்போய் அதை அளவுக்கு மீறி இறக்கிவிடுகிறது. கருப்பட்டி தின்றால் மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம்.

"வைக்கப்போர்த் தீ மாதிரிய்யா. பக்குனு எரியும், சட்டுனு அணையும். அணைஞ்சதும் நீங்க இன்னொரு கத்த வைக்கலைப் போடுறீக."

வெள்ளைச் சோறு பாதி. மூன்று வேளையை ஆறாகப் பிரிக்க வேண்டும். அவித்த கடலை, முட்டை, மோர், கம்பங்கூழ் கொஞ்சம். பாயசம், இனிப்புக் காப்பி கூடாது. கருப்பட்டி கண் இருட்டும்போது மட்டும். அதன் பின்னாலேயே கடலை.

வேலை என்ன என்று கடைசியாகக் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். உடம்பு வசப்படும்வரை ரயில் விடக்கூடாது என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாலை ஆறுக்கு முன்பே வீடு. செல்லம்மாளிடம் கடலையை மட்டும் சொன்னேன்.

ஆடி 8, சனி. ஆடி 9, ஞாயிறு

கடலை, மோர், பாதிச் சோறு. இரண்டு நாளும் நடுக்கம் லேசாகத்தான். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆடி 10, திங்கள்

இதை எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

செ.யின் அண்ணன் ஆடிச் சீர் கொண்டுவந்தார். விருந்து. அவரே பரிமாறினார். "ஒரு கரண்டி மாப்ள, தங்கச்சி மனசு நோகும்." பாயசம் இரண்டு தம்ளர். மறுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டும். சாப்பிட்டேன்.

ஒண்ணே முக்கால் பாசஞ்சர் அடுத்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது. ஒன்றாம் லைனில் கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தியதே நான்தான். ஒதுக்கு லைனுக்குத் தள்ளிவிட்டுத்தான் பாசஞ்சரை உள்ளே விட வேண்டும்.

இது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. சட்டை முழுக்க வியர்வை. பாசஞ்சர் வருகிறது என்ற ஒன்றுதான் தலைக்குள். கைகாட்டியை இறக்கி வண்டிக்கு வழிவிடச் சொன்னேன்.

பெருமாள் நகரவில்லை.

"ஐயா, இப்ப எறக்கக் கூடாது. ஒண்ணாம் லைன்ல கூட்ஸ் நிக்கிது."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நானே லீவரைப் பிடிக்கப் போனேன் போலிருக்கிறது. அவன் குறுக்கே நின்றான். என் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார்த்தினான். என் பையிலிருந்தே கருப்பட்டியை எடுத்து வாயில் வைத்தான். தண்ணீர் கொடுத்தான்.

தெளிந்தபோது ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ். அத்தனை பெட்டியும். தூரத்தில் பாசஞ்சர் விடாமல் ஊதிக்கொண்டிருந்தது.

கூட்ஸை ஒதுக்கிவிட்டுப் பாசஞ்சரை உள்ளே விட்டோம். அதில் ஒரு பெட்டி நிறைய அழகர்கோவிலுக்கு முடியிறக்கப் போகிற கூட்டம். ஜன்னலோரம் ஒருத்தி, ஏன் இம்புட்டு நேரம் என்று என்னைத்தான் கேட்டாள்.

ஆடி 11, செவ்வாய்

பாசஞ்சர் வண்டியின் கார்டு புகார் எழுதிவிட்டார். பாசஞ்சர் வெளியே நின்றதற்கு விளக்கம் கேட்டு மேலேயிருந்து தந்தி.

மூன்று காகிதம் கிழித்தேன். நாலாவதில் எழுதியது: 'பாயிண்ட்ஸ்மேன் தன் இடத்தில் இல்லாததால் கைகாட்டி இறக்கத் தாமதம்.'

அதைத் தபால் பையில் போட்டவனும் பெருமாள்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

ஆடி 14, வெள்ளி

பாதிச் சோறு, கடலை, முட்டை. நடுக்கம் இல்லை. பெருமாள் வழக்கம்போல வருகிறான், போகிறான். "உடம்பு எப்படிங்கய்யா?" என்று தினம் கேட்கிறான்.

ஆடி 17, திங்கள்

பெருமாள் பெயருக்கு ஒரு கவர். பிரித்து என்னிடமே கொண்டுவந்தான், வாசித்துச் சொல்லுங்கள் என்று.

ஏதோ லீவு சங்கதி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. வாசித்தேன். வேலை நேரத்தில் இடத்தை விட்டுப் போன குற்றம். வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது? ஒரு வாரத்துக்குள் பதில்.

என் கையிலிருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தான்.

"யார் எழுதிக் குடுத்தாகய்யா?"

"நான்."

காகிதத்தை வாங்கி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டான். மூன்று மணிக் கூட்ஸுக்கு நேரம். கைகாட்டியை இறக்கப் போனான்.

ஆடி 18, செவ்வாய்

பெருக்கு. செ. தேங்காய்ச் சோறு, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்திருந்தாள். கடலையைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோய், டாக்டர், பாசஞ்சர், பெருமாள்.

அவள் அழவில்லை. எழுதினால் வீடு போய்விடுமா என்று மட்டும் கேட்டாள். போகும் என்றேன். பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடிவைத்தாள். அண்ணனும் அன்றைக்கு இப்படி ஒரு பாசஞ்சரில்தானே வந்திறங்கினார் என்றாள் சாயங்காலம்.

எழுதினேன். முன்பு எழுதியது பொய் என்றும், பெருமாள் என் உத்தரவை மீறியதால்தான் விபத்து இல்லை என்றும், டாக்டர் சொன்னது முழுவதையும். இம்முறை நானே வண்டிக் கார்டு கையில் கொடுத்தேன்.

ஆடி 25, செவ்வாய்

மதுரை. விசாரணை. வெக்கை. வராந்தாவில் பெருமாளும் நானும் ஒரே பெஞ்சில், இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

துரை இங்கிலீஷில் கேட்க, குமாஸ்தா தமிழில் சொன்னார். மாஸ்டருக்குச் சீக்கு என்று உனக்கு முன்பே தெரியுமா?

"ரெண்டு மாசமாத் தெரியும். ஒரு மணிக்கு மேல அவுக என்ன சொன்னாலும், ஒருவாட்டி லைனைப் பாத்துட்டுத்தேன் செய்வேன்."

இரண்டு மாதம். ஒரு நாள்கூட எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு: பெருமாள் மேல் குற்றம் இல்லை. ஆனால் தெரிந்தும் மேலே சொல்லாததற்கு எச்சரிக்கை. எனக்கு இனி ரயில் விடும் வேலை கிடையாது. மதுரையில் பார்சல் ஆபீஸ். ஜன்னல் இல்லாத அறை, போய்ப் பார்த்தேன். சாக்கு நாற்றம். ஒன்றாம் தேதிக்குள் குவார்ட்டர்ஸ் காலி செய்ய வேண்டும். சிம்மக்கல் பக்கம் இடம் பார்க்க வேண்டும்.

வெளியே வந்து பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டேன். நடந்துகொண்டே இருந்தான். பிளாட்பார முனைக்கு வந்ததும் நின்றான்.

"மன்னிப்பெல்லாம் வேணாங்கய்யா. இனிமே யாரப் பத்தியாச்சும் எழுதுனா, அந்த ஆளுக்கு வாசிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க."

திரும்புகிற வண்டியில் அவன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டான்.