ஆறாவது கிண்ணம்

என் பேச்சியம்மாளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், கோபிக்காதே. முதியோர் வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறேன். அழுத்தி எழுதுவதால் தாளின் முதுகைத் தடவினால் விரலில் தட்டுகிறது. எனக்கு ஒரே சந்தோஷம்!

அந்த ஜப்பான் கிண்ணத்துப் பூவும் விரலில் தட்டியது என்று அழுகைக்கு நடுவிலும் சொன்னாயே. வெள்ளைப் பீங்கானைச் சுட்டு, அதன் பளபளப்புக்கு மேலே சிவப்பும் பச்சையும் தீட்டி, மறுபடி சுடுவார்களாம். அப்போதுதான் நிறம் ஒட்டுமாம்.

காலண்டர் கம்பெனி முதலாளிக்கு ஜப்பான்காரர் ஒருவர் தந்த பரிசு அது. அந்த வீட்டில் வேலை பார்த்த நீதான் பெட்டியைப் பிரித்தாய். உள்ளே ஐந்து கிண்ணம். "செட்டுன்னா ஆறுல்ல? இன்னொண்ணு எங்க?" என்று முதலாளியம்மா எல்லார் முன்னாலும் உன் மடியை உதறச் சொன்னாள். அப்புறம் யார் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள்? திருடி என்ற பெயரோடுதானே போய்ச் சேர்ந்தாய்?

இப்போது கேள். போன வாரம் அதே ஜப்பான்காரர் இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். அதிலும் ஐந்துதான். இப்போது அங்கே வேலை பார்க்கும் ரோசம்மா ஓடி வந்தாள்.

"அண்ணே, அவுக ஊர்ல செட்டுன்னாலே அஞ்சுதானாம்! அவரே சொன்னாரு. முதலாளியம்மா மூஞ்சியப் பாக்கணுமே!"

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போனேன்.

"பேச்சி எடுக்கலைன்னு தெருவுல நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"செத்தவளுக்கு இனிமே என்ன பேரு, பெரியவரே? காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பி எவர்சில்வர் தம்ளரில் வந்தது. தொடவில்லை.

சிவகாசியில் அச்சாபீசுக்கா பஞ்சம்? உன் நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிக்கச் சொல்லிவிட்டேன். மேலே உன் படம், நடுவில் ஐந்து கிண்ணம், கீழே இந்தக் கடிதம், என் கையெழுத்திலேயே.

"நல்ல எழுத்துல மாத்தி அடிக்கவா தாத்தா?" என்றான், இதுவரை எழுதியதைப் பார்த்த அச்சுக்காரன்.

"ஒரு கோணல் கொறையக் கூடாது, ஆமாலே!"

முதலாளியம்மா வாசலுக்கு எதிர்ச் சுவரில் நானே பசை தடவி ஒட்டுவேன். அவள் பெயரைப் போடவில்லை, சுவர் சொல்லிவிடும். நின்று படிக்கிறவர்களே, கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். அவளுக்குக் கேட்கட்டும்.

கிழிப்பாள். கிழிக்கட்டும். அடுத்த வாரம் இதைவிடப் பெரிய எழுத்தில் உனக்கு எழுதி, அதே சுவரில் ஒட்டுவேன். அந்தக் கிண்ணத்தைப் போலத்தான் பேச்சி, ஒரு சூடு போதாது. மறுபடி சுட்டால்தான் ஒட்டும்.

உன் மடியில் ஒன்றுமில்லை என்று அன்றே அறிந்த
உன் வீட்டுக்காரன்,
கருப்பசாமி