யார் வீட்டுப் பெண் என்று கேட்டபோது

சொர்ணம்,

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். உப்புமா செய்து மூடி வைத்திருக்கிறேன். அருள்மொழி சாப்பிட்ட பிறகு மாத்திரையைக் கொடு, வெறும் வயிற்றில் வேண்டாம்.

அவள் ஏன் பேசாமல் போய்ப் படுத்தாள் என்று நேற்று கேட்டாய். "எனக்கின்னா தெரியும்?" என்று கத்தினேன். தெரியும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் எழுதுகிறேன்.

ஏடிஎச்டி உள்ள பிள்ளையால் ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாது, எதையும் வேண்டுமென்றே செய்வதில்லை என்று ஆவடி டாக்டர் நேற்றும் பொறுமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். திரும்பும்போது ரயிலில் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கியவள், ஒரு வயசான அம்மாவின் பூக்கூடையைத் தட்டிவிட்டாள். பூவெல்லாம் கீழே கொட்டிவிட்டது.

"யார் ஊட்டுப் பொண்ணு இது? கேக்க ஆளில்லியா?" என்று அந்த அம்மா சத்தம் போட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அருள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "நான் தனியாத்தான் வந்தேன் ஆயா" என்று சொல்லிவிட்டு, குனிந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அம்பத்தூர் வரும்வரை என் பக்கமே வரவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே வந்த பிறகுதான், "இப்ப உன் கையப் புடிச்சிக்கலாமாப்பா?" என்று கேட்டாள். கையை நீட்டினேன்.

மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நானே நிற்பேன், நீ வர வேண்டாம்.

கணக்கு நோட்டு டிவி மேல் இருக்கிறது, பையில் வைத்துவிடு.

கூடையை ஏன் தட்டினாய் என்று மட்டும் அவளைக் கேட்காதே. நேற்று தப்பு செய்தது அவள் இல்லை.