பட்டாணியின் பின்னல்

அன்பு அக்காவுக்கு,

நானும் உன் மகள் பட்டாணியும் உடம்புக்குச் சுகம். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பார்லர் கதவைப் பாதி சாத்திவிட்டு, சாயம் கலக்கும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்றரை. மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூட வாசலில் நான் நிற்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, உன் மகள் ஏன் தலையில் துண்டு கட்டியிருக்கிறாள் என்று கேட்டாய். தலைக்குக் குளித்திருக்கிறாள் என்றேன். பொய், அக்கா. துண்டுக்குள் அந்த நீள முடி இல்லை. வெட்டியது நான். வெட்டச் சொன்னது அவள்.

இதைப் போனில் சொல்ல என்ன கேடு என்று கத்துவாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிறாள். உன் குரலைக் கேட்டதும் நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன் என்பதும் உண்மை.

நீ அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும்போது, "அவ போட்டோவ எங்கயும் போட்டுடாதடி" என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். ஊசி போடுகிறவளுக்கு இவ்வளவு பயமா, பயந்தாங்கொள்ளி என்று உன்னைக் கேலி செய்தேன். நாலு மாதத்துக்கு முன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டாணிக்கு ஐந்து கால் பின்னல் போட்டு, "பட்டாணி, இந்தப் பக்கம் திரும்புடா செல்லம்" என்று நானே பேசி, பள்ளிச் சீருடையோடு வீடியோ எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டேன். ஊரே பார்த்தது. கடையில் உட்கார இடமில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு வாடிக்கைக்காரி, "உங்க பொண்ணு எண்ணெய் விளம்பரத்துல வர்றாளே" என்றாள். எவனோ எண்ணெய் விற்கிறவன் நம்மைக் கேட்காமல் அவள் முகத்தை எடுத்துப் போட்டிருந்தான். தேடத் தேட இன்னும் ஒன்பது பக்கங்கள் வந்தன. ஒன்றில் சின்னப் பெண்களின் படங்களாகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் கீழே எழுதியிருப்பதை உனக்கு எழுத மாட்டேன், நான் படித்தது போதும். என் வீடியோவை உடனே அழித்தேன். அழித்து என்ன, நகல்கள் அங்கேயேதான் இருக்கின்றன.

அதோடு நின்றிருந்தால் பாவி நான் உன்னிடம் மறைத்தே இருப்பேன். இரண்டு வாரத்துக்கு முன் பஸ் நிறுத்தத்தில் ஒருவன், "பட்டாணி, இன்னிக்கு ஏன் ரெட்டை ஜடை?" என்று அவளைக் கேட்டிருக்கிறான். நம் வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? வீடியோவில் கூப்பிட்ட என் குரலிலிருந்து எடுத்திருக்கிறான். ஓடி வந்து கதவைச் சாத்தியவள், "சித்தி, முடிய வெட்டிடு. அப்போ அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியாதுல்ல?" என்றாள். பதினோரு வயசு, அக்கா. எத்தனையோ வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவள் நான். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வெட்டியிருக்கிறேன்.

இப்போது நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டி வருகிறேன். வழியில் எவனாவது போனைத் தூக்கிப் பிடித்தால் அவளை என் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பக்கங்களை நீக்கச் சொல்லி மூன்று தடவை புகார் போட்டேன். பெற்றவர்தான் கேட்க வேண்டும் என்று மூன்று தடவையும் திருப்பிவிட்டார்கள். கடைசியில், முடிக்குச் சாயம் போட வரும் வக்கீல் அம்மாவிடம் அழுதுவிட்டேன். பதினெட்டு வயதாகாத பிள்ளையின் படத்தைப் பெற்றவர் அனுமதியில்லாமல் வெளியிட்டாலே இங்கே புதுச் சட்டப்படி குற்றம் என்றார். அவள் அப்பா உயிரோடு இல்லாததால் உன் கையெழுத்து ஒன்றே போதுமாம். கோர்ட் உத்தரவு வாங்கி எல்லாவற்றையும் நீக்க வைக்கலாம், பஸ் நிறுத்தத்து ஆளையும் போலீஸ் தேடும் என்றார். படிவம் இத்துடன் இருக்கிறது. பேனாவால் கையெழுத்துப் போட்ட அசல்தான் வேண்டுமாம்.

ஏழாவது கட்டத்தைப் பார். முதலில் வெளியிட்டவர் யார், பெற்றவரின் அனுமதி இருந்ததா என்று கேட்கிறது. இருந்தது என்று எழுதினால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் "அம்மாவே சரின்னு ஊருக்குக் காட்டின படம்தானே" என்று எண்ணெய்க்காரன் தரப்பில் கேட்பார்களாம், வழக்கு அங்கேயே படுத்துவிடுமாம். இல்லை என்று எழுதினால் முதல் குற்றவாளி நான். விசாரணை முடியும்வரை குழந்தையை என் பொறுப்பில் விடமாட்டார்கள் என்றும் சொன்னார்.

போன வாரம் அந்தக் கட்டத்தில் 'இருந்தது' என்று நானே எழுதிவிட்டேன். உன்னை எப்படியாவது கெஞ்சி ஆமாம் சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், பட்டாணி கண்ணாடி முன் நின்று பிடரியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது படிவம்.

ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறது. அனுமதி இல்லை என்று உன் கையால் எழுது. பக்கத்தில் என் பெயரை எழுது. தங்கையாயிற்றே என்று பார்க்காதே. கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. லீவு கேட்டுச் சீக்கிரம் வா, அவளை வேற்று ஆளிடம் விடும்படி ஆகிவிடக் கூடாது. நீ வரும்வரை வாசலில் நான் நிற்பேன். மணி மூன்றாகிறது, கிளம்புகிறேன்.

அவளுக்கு உன் முடி, அக்கா. கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். வளர்ந்தால் பின்னிவிட ஒரு ஆள் வேண்டும், இல்லையா?

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
தங்கை